பார்க்கின்சனுக்கென்றே ஒரு பிசியோதெரபிஸ்ட்: அம்மாவை அழைத்துப்போன அனுபவம்

என் அம்மாவுக்குப் பார்க்கின்சன், அசைவுகளைச் சுருக்கி மெதுவாக்குகிற மூளை நோய். சில வருடங்களாக மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கிறார். நடை மோசமானபோது முதலில் ஒரு பொதுவான பிசியோதெரபி நிலையத்துக்குப் போனோம். பிறகு இதுபோன்ற இயக்கக் கோளாறு உள்ளவர்களை மட்டுமே பார்க்கிற ஒரு நிலையத்துக்கு மாறினோம். இந்த மதிப்புரை இரண்டாவது இடத்தைப் பற்றியது. நல்லது நிறையச் சொல்லப்போகிறேன், குறைகளையும் மறைக்க மாட்டேன். "பிசியோன்னா எல்லாம் ஒண்ணுதானே, பக்கத்துல இருக்கிற இடத்துக்கே போயிடலாம்" என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். எல்லாம் ஒன்று கிடையாது. நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

அம்மா டைப்ரைட்டிங் ஆசிரியை. ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் பழைய மெஷின் ஒன்றை வைத்து எதையாவது அடித்துக்கொண்டிருப்பார். நோய் முதலில் வெளிப்பட்டதும் அதில்தான். இடது கைச் சுண்டுவிரலால் அடிக்கிற எழுத்து மட்டும் தாளில் மங்கலாக விழ ஆரம்பித்தது. ரிப்பனை மாற்றிப் பார்த்தார், சரியாகவில்லை. அப்புறம் இடது தோள் இறுகியது. தோள் இறுக்கமும் பார்க்கின்சனின் ஆரம்ப அறிகுறியாக வருவதுண்டு. நரம்பியல் மருத்துவர் நோயை உறுதிசெய்து லெவோடோபா என்ற மாத்திரையை ஆரம்பித்தார், கை நன்றாகவே தேறியது. நடைதான் கைகொடுக்கவில்லை. அடிகள் குறுகிக்கொண்டே போயின. அறைக் கதவு வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னால் போகும், கால் வராது.

முதலில் போன இடத்தில் இருந்தவர்கள் அன்பானவர்கள். தோள் வலியை உண்மையிலேயே குறைத்தார்கள். நடைக்கு அவர்கள் கொடுத்த சிகிச்சைதான் பொருந்தவில்லை. காலில் வெயிட் கட்டித் தூக்கச் சொன்னார்கள், இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடக்கவிட்டார்கள். அம்மா வெயிட்டைச் சுலபமாகத் தூக்கினார், கம்பிகளுக்கு நடுவே அழகாக நடந்தார். வீட்டுக்கு வந்தால் அதே கதவு, அதே ஒட்டல். காலில் பலம் குறைவு என்று வைத்துக்கொண்டுதான் எல்லாம் நடந்தது. பலம் இருந்தது. இல்லாதது வேறு ஏதோ, அது என்னவென்று அங்கே யாருக்கும் பிடிபடவில்லை. கடைசி மாத்திரை எப்போது போட்டீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஒரு நாள் மாத்திரையின் வேகம் இறங்கிய நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். அம்மாவால் நாற்காலியிலிருந்து எழவே முடியவில்லை. ஃபைலில் "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதிவிட்டார்கள். வாழ்நாள் முழுக்க நேரந்தவறாமல் உழைத்தவரைப் பற்றி அப்படி ஒரு வரி. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அடுத்த முறை நரம்பியல் மருத்துவரிடம் போனபோது, இயக்கக் கோளாறுகளில் தனிப்பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள் என்று எழுதிக்கொடுத்தார். சின்ன இடம்தான். பெரிய மெஷின்கள் கிடையாது. ஒரு நீளமான ஹால், ஒரு கட்டில், உயரம் வேறுவேறான நாற்காலிகள், ஒரு போலிக் கதவு நிலை, சுவரளவு கண்ணாடி, தரையில் கலர் டேப். இரண்டு பேர் பார்க்கிறார்கள். அம்மாவைப் பார்த்தவர் இளைஞர். அம்மாவுக்கு முதல் நாளே அவர் "தம்பி" ஆகிவிட்டார், நானும் இங்கே தம்பி என்றே எழுதுகிறேன்.

முதல் நாள் உடற்பயிற்சியே இல்லை, முழுக்கப் பரிசோதனை. அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும்போதே தம்பி போனில் கேட்ட முதல் கேள்வி, "அம்மா மாத்திரை எத்தனை மணிக்குப் போடறாங்க? எத்தனை மணிக்கு நல்லா இருக்காங்க, எப்ப இறங்குது?" அந்தக் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மாத்திரை வேலை செய்கிற நேரத்தை ஆன் என்றும், இறங்கிய நேரத்தை ஆஃப் என்றும் சொல்கிறார்கள். அந்த இரண்டு நேரங்களில் நோயாளி இரண்டு வேறு மனிதர்கள். புதிய அசைவுகளைக் கற்றுக்கொள்ள ஆன் நேரம். ஆஃப் நேரத்தில் எப்படிச் சமாளிப்பது என்பதற்குத் தனியாக ஒரு வகுப்பு. இப்படிப் பிரித்துப் பார்ப்பவரிடம்தான் நாம் போக வேண்டும்.

பரிசோதனையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பார்த்தாலே ஒருவருக்கு இந்தத் துறை தெரியுமா தெரியாதா என்று புரிந்துவிடும். முதலில் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், எழுந்து நிற்கவைத்து மறுபடி பார்த்தார். இந்த நோயிலும் இதற்கான மருந்துகளாலும் எழுந்து நிற்கும்போது அழுத்தம் சரிவதுண்டு. மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். விழுவதற்கெல்லாம் கால்தான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி ஸ்டாப்வாட்சில் நேரம் குறித்தார். நான் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பார்த்தது அம்மாவின் திருப்பத்தை. திரும்புவதற்கு எத்தனை சின்ன அடி வைக்கிறார், தலையும் உடம்பும் சேர்ந்து ஒரே கட்டையாகத் திரும்புகிறதா என்று எண்ணி எழுதினார். அடுத்து பின்னால் நின்றுகொண்டு, முன்கூட்டியே சொல்லிவிட்டு, தோளைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். ஓரிரண்டு அடியில் நிலைகொண்டால் பரவாயில்லை. அம்மா பின்னாலேயே நடந்து அவர் கைகளில் சாய்ந்தார். அவர் அதற்குத் தயாராகவே நின்றிருந்தார்.

பிறகு நடந்துகொண்டே 100-லிருந்து மும்மூன்றாகக் குறைத்துச் சொல்லச் சொன்னார். அம்மா கணக்கில் கெட்டிக்காரர். 97 சொன்னார், 94 சொன்னார், நின்றுவிட்டார். வாய் கணக்குப் போட்டது, கால் நின்றது. "வீட்ல நடக்கும்போது யாராவது பேசினா நின்னுடறீங்களா அம்மா?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

கடைசியாக, "உங்களுக்கு என்ன செய்யணும்னு ஆசை?" என்று கேட்டார். நன்றாக நடக்க வேண்டும் என்று அம்மா சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "ராத்திரி இவளை எழுப்பாம நானே பாத்ரூம் போய்ட்டு வரணும் தம்பி" என்றார். தம்பி அதை அப்படியே எழுதிக்கொண்டார். அடுத்து வந்த வாரங்களின் பயிற்சி மொத்தமும் அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் வந்தது: படுக்கையில் புரள்வது, எழுந்து உட்காருவது, இருட்டில் நிற்பது, கதவைத் தாண்டுவது, குறுகலான இடத்தில் திரும்புவது.

அம்மாவுக்குக் கதவு ஏன் சுவராகிறது என்பதைத் தம்பி அவருக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். மூளையின் அடியாழத்தில் இருக்கிற ஒரு பகுதி டோபமின் என்ற ரசாயனத்தைக் கொண்டு, பழகிப்போன அசைவுகளைத் தானாக ஓட்டுகிறது. டைப்ரைட்டிங் பழகியவர் எழுத்தைத் தேடுவதில்லை, விரல் தானே போகிறது. பார்க்கின்சன் பறித்துக்கொள்வது அந்தத் தானாக நடப்பதை. முதல் நாள் மாணவி மாதிரி ஒவ்வொரு எழுத்தையும் கண்ணால் பார்த்து அடித்தால், அதற்கு மூளையில் வேறு பாதை இருக்கிறது, அது இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது. அந்தப் பாதை வழியாக நடக்கக் கற்றுக்கொடுப்பதுதான் தன் வேலை என்றார். அம்மா உடனே, "அப்ப நான் பாத்துப் பாத்து நடக்கணும், அவ்வளவுதானே" என்றார். அவ்வளவுதான், ஆனால் அந்த அவ்வளவுக்கு எவ்வளவு உழைப்பு.

போலிக் கதவு நிலையின் முன்னால் தரையில் குறுக்காக டேப் கோடுகள் ஒட்டியிருந்தார்கள், ஒரு நல்ல அடிக்கு ஒன்று என்ற இடைவெளியில். கோடு இல்லாத பக்கத்தில் அம்மாவை நடக்கச் சொன்னார், நிலைக்கு முன்னால் கால் ஒட்டியது, முழங்கால் நடுங்கியது. கோடு உள்ள பக்கம் அழைத்துவந்து, "கோட்டைத் தாண்டுங்கம்மா, மிதிக்காதீங்க" என்றார். அம்மா தாண்டினார். அடுத்ததையும் தாண்டினார். நிலைக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தார். அதே கால், அதே மாத்திரை, அதே நிமிடம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, எழுதும்போதும் கலங்குகிறது.

2010-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் நெதர்லாந்து மருத்துவர்கள் ஒரு நோயாளியின் வீடியோவை வெளியிட்டார்கள். சில அடி நடப்பதற்குள் உறைந்து விழப்போகிற 58 வயது மனிதர், சைக்கிளில் ஏற்றிவிட்டால் தங்குதடையில்லாமல் ஓட்டுகிறார், வளைக்கிறார், திரும்பி வருகிறார். இறங்கியதும் மறுபடி உறைகிறார். அந்த வீடியோவை அம்மாவிடம் காட்டினேன். "அவருக்குப் பெடல் கோடு மாதிரி" என்றார் அம்மா.

கோட்டுக்கு அடுத்தது ஒலி. சீராகத் தாளம் தட்டுகிற மெட்ரோனோம் செயலியைப் போனில் போட்டு, ஒவ்வொரு டிக்குக்கும் ஓர் அடி. வேகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் தேர்ச்சி இருக்கிறது. அம்மாவின் இயல்பான நடைவேகத்தை முதலில் எண்ணிவிட்டு, அதை ஒட்டியே டிக்கை வைத்தார். வேகத்தை இஷ்டத்துக்கு ஏற்றினால் அடிகள் சிறுத்து, உடம்பு முன்னால் சாய்ந்து, நடை ஓட்டமாகிவிடும். 1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி முதன்முதலில் எழுதியபோதே, உடல் முன்னோக்கி வளைவதையும் நடை ஓட்டமாக மாறுவதையும் குறித்திருக்கிறார். அம்மாவுக்குத் தாளத்தோடு விரல் ஓட்டிப் பழக்கம், மாணவர்களுக்கு மேசையில் ஸ்கேலால் தட்டித்தான் சொல்லிக்கொடுப்பாராம். அதனால் டிக் டிக் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எல்லோருக்கும் அப்படி இல்லை. பக்கத்தில் பயிற்சி செய்த ஒருவருக்கு அந்தச் சத்தம் எரிச்சல், அவருக்கு மனசுக்குள் ஒன்று இரண்டு எண்ணச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆளைப் பார்த்து மாற்றுகிறார்கள்.

அப்புறம் பெரிய அசைவுப் பயிற்சி. இந்த வகையில் பெயர்பெற்ற எல்எஸ்விடி பிக் என்ற முறையில் வாரம் 4 நாள், 4 வாரம், மொத்தம் 16 வகுப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். குரல் சிறுத்துப்போகிறவர்களுக்கு உரக்கப் பேசக் கற்றுக்கொடுக்கிற பயிற்சியிலிருந்து கிளைத்தது இது. அடிப்படை ஒன்றுதான்: இந்த நோய் அசைவைச் சுருக்குவதோடு, சுருங்கியது தெரியாமலும் செய்துவிடுகிறது. தம்பி சொன்ன அளவுக்குக் காலை நீட்டி வைத்தபோது அம்மா, "இது ரொம்ப அதிகம் தம்பி, பாக்கிறவங்க சிரிப்பாங்க" என்றார். தம்பி அதைப் போனில் படம்பிடித்துக் காட்டினார். திரையில் இருந்தது சாதாரணமாக நடக்கிற ஒரு பெண்மணி. அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். தனக்கு அளவுக்கு மீறியதாகத் தோன்றுவதுதான் மற்றவர்களின் சாதாரணம் என்று அவருக்குப் புரியவைத்தது அந்த வீடியோதான், ஆயிரம் தடவை "காலைத் தூக்கி வை" என்று சொன்னாலும் அது நடந்திருக்காது.

படுக்கைப் பயிற்சியை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் வேறு எங்கும் இதைத் தொடவே இல்லை. இரவில் புரள முடியாமல் கிடப்பது இந்த நோயின் பெரிய வேதனை, வெளியில் யாருக்கும் தெரியாதது. புரள்வதை அவர் துண்டு துண்டாக உடைத்தார். முதலில் இரண்டு முழங்காலையும் மடக்கு. தலையைத் திருப்பி எந்தப் பக்கம் போகிறாயோ அதைப் பார். எதிர்ப்பக்கக் கையை உடம்புக்குக் குறுக்கே பெரிதாக வீசு. முழங்கால்களைச் சாய்த்துவிடு, இடுப்பு தானாக வரும். பிறகு காலைக் கட்டிலுக்கு வெளியே விடு, முழங்கையை ஊன்றித் தள்ளு. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்தது, இரண்டைச் சேர்த்துச் செய்யக் கூடாது. இடுப்பு படுகிற இடத்தில் மட்டும் வழுவழுப்பான துணியை விரிக்கச் சொன்னார், கட்டிலின் ஓரம் வரைக்கும் கொண்டுவரக் கூடாது, உட்காரும்போது வழுக்கும். கனமான போர்வையை மாற்றச் சொன்னார். எழுந்து உட்கார்ந்ததும் உடனே நிற்காமல், காலை ஆட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் எழ வேண்டும், முன்பு சொன்ன ரத்த அழுத்தத்துக்காக.

நாற்காலியிலிருந்து எழுவதும் அப்படித்தான். முன்னால் நகர்ந்து உட்கார், பாதத்தைப் பின்னுக்கு இழு, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை குனி, எழு. திரும்பும்போது நின்ற இடத்தில் ஒற்றைக் காலை அச்சாக்கிச் சுழலக் கூடாது, அகலமாக வளைந்து வர வேண்டும். பாத்ரூமில் அதற்கு இடமில்லை என்று நான் சொன்னதும், அளவு கேட்டு, அந்த அகலத்துக்கு ஹாலில் டேப் ஒட்டி, அதற்குள்ளேயே கால்களை மாற்றி மாற்றி எடுத்துவைத்துத் திரும்பப் பழக்கினார். முந்தைய இடத்தில் வாங்கவைத்த, தூக்கித் தூக்கி வைக்கிற வாக்கரை ஓரம் கட்டச் சொன்னார். நடை, தூக்கல், வைப்பு என்று ஒரே நேரத்தில் பல வேலை கொடுத்து அது கால் ஒட்டுவதை அதிகமாக்கிக்கொண்டிருந்தது. வெளியே போகும்போது மட்டும் பிரேக் உள்ள, சக்கர வாக்கர். அதையும் எல்லோருக்கும் சொல்வதில்லை, முன்னால் ஓடிவிடுகிற நடை உள்ளவர்களுக்குச் சக்கரமே ஆபத்தாகலாம் என்றார்.

எங்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். கால் ஒட்டிக்கொண்டால் வீட்டில் இருப்பவர்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள், "ம், நட, நட" என்பார்கள். இரண்டும் ஆகாது. இழுத்தால் உடம்பு மட்டும் முன்னே வந்து கால் பின்தங்கும், அவசரப்படுத்தினால் ஒட்டல் இறுகும். "அக்கா, நீங்க பேச வேண்டியது நாலே வார்த்தைதான்" என்று சொல்லிக்கொடுத்தார்: நில்லுங்க, நிமிருங்க, அசையுங்க, பெருசா வையுங்க. முதலில் முயற்சியை நிறுத்துவது, பிறகு நிமிர்வது, எடையை இடமும் வலமுமாக மாற்றுவது, கடைசியில் ஒரு பெரிய அடி. அதைச் சொல்லிவிட்டு நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இப்போது வீட்டில் இது எல்லோருக்கும் மனப்பாடம்.

ஹாலில் காத்திருந்த நேரங்களில் மற்றவர்களின் பயிற்சியையும் பார்த்தேன். பார்க்கின்சன் தவிர மற்ற நோய்களும் வருகின்றன. சிறுமூளை பாதிப்பால் தள்ளாடுகிறவர்களுக்கு டேப் கோடு போடவில்லை, சமநிலையையும் அசைவுகளின் ஒருங்கிணைப்பையும் விடாமல் பழக்கிக்கொண்டிருந்தார்கள். கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்கிற ஒரு பெண் தாடையை விரலால் லேசாகத் தொட்டால் கழுத்து நேராகிறது. இப்படித் தசை தானாகத் திருகிக்கொள்கிற டிஸ்டோனியா உள்ள பலருக்கு இது மாதிரி ஒரு தொடுகை பலன் தரும், அதையே பயிற்சியில் பயன்படுத்தினார்கள். எல்லாவற்றையும் விட என்னை யோசிக்கவைத்தது இன்னொருவர். மூளையில் தழும்போ சிதைவோ இல்லாமல், மூளை செயல்படுகிற விதத்தில் ஏற்படுகிற கோளாறு அவருக்கு. நடுக்கம் நிஜம், நடிப்பு இல்லை. அம்மாவுக்கு "கவனிச்சு நடங்க" என்றால் நடை சரியாகிறது. அவருக்குக் காலைக் கவனித்தால் மோசமாகிறது, பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டே நடந்தால் கால் சீராகிறது. ஒரே ஹாலில், ஒரே பிசியோ, ஒருவருக்கு நேர் எதிராக இன்னொருவருக்கு. எந்த நோய் என்று தெரியாமல் ஒரே பயிற்சித் தாளை எல்லோருக்கும் கொடுத்தால் என்ன ஆகும் என்று அப்போதுதான் முழுதாக உறைத்தது.

தனிப்பயிற்சி உண்மையிலேயே வித்தியாசம் தருகிறதா என்பதை நெதர்லாந்தில் பெரிய அளவில் பார்த்திருக்கிறார்கள். அங்கே பார்க்கின்சன்நெட் என்ற வலையமைப்பு 2004-ல் தொடங்கியது. இந்த நோயில் தனிப்பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகளிடம் நோயாளிகளைச் சேர்ப்பது அதன் நோக்கம். ஒருவரே நிறைய பார்க்கின்சன் நோயாளிகளைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கை தேறும். 2018-ல் லேன்செட் நியூராலஜி இதழில் வந்த ஆய்வில், காப்பீட்டுக் கணக்குகளில் இருந்த 4,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஒப்பிட்டார்கள். தனிப்பயிற்சி பெற்றவர்களிடம் போனவர்களுக்கு எலும்பு முறிவு போன்ற சிக்கல்கள் குறைவு, பிசியோவுக்கு ஆன செலவும் குறைவு. குறைந்த வகுப்புகளிலேயே காரியம் முடிந்திருக்கிறது. எங்கள் வீட்டு அனுபவமும் அதுதான்.

சரி, குறைகள். வரவேற்பில் இருப்பவர்களுக்குத் தம்பியின் கவனம் கொஞ்சமும் இல்லை. மாத்திரை நேரத்தை எழுதிக்கொடுத்தும், காலியாக இருக்கிறது என்று ஆஃப் நேரத்தில் அப்பாயின்ட்மென்ட் போட்டுவிடுவார்கள். இந்த ஒரு விஷயத்துக்காக நான் திரும்பத் திரும்பச் சண்டை போட வேண்டியிருந்தது. உள்ளே நுழைகிற நடைவழி குறுகல், பாதியில் ஒரு திருப்பம் வேறு. கால் ஒட்டுகிறவர்கள் வருகிற இடத்தில் அங்கேயாவது டேப் ஒட்டியிருக்கலாம், சொல்லிவிட்டு வந்தேன், இன்னும் ஒட்டவில்லை. வீட்டுப் பயிற்சிக்குக் கொடுத்த தாளில் எழுத்து பொடி. அம்மா வயதுக்காரர்களுக்கு அது உதவாது, நானே பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். முன்னேற்றக் குறிப்பு நரம்பியல் மருத்துவருக்குத் தானாகப் போவதில்லை, கேட்டால்தான் போகிறது. தம்பி விடுப்பில் போன வாரம் வந்தவர் கணக்குப் போட்டுக்கொண்டே நடக்கிற பயிற்சியை முதல் நாளே கொடுத்து அம்மாவைத் தடுமாறவைத்தார். நல்ல வேளை, நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். வீடியோ காலில் ஒரு வகுப்பு முயன்றோம். கை வீச்சுக்குப் பரவாயில்லை, சமநிலைப் பயிற்சிக்கு வேண்டவே வேண்டாம், விழுந்தால் பிடிக்க ஆள் வேண்டும்.

அலுப்பையும் சொல்ல வேண்டும். ஒரு மணி நேர வகுப்பு முடிந்தால் அம்மா அன்றைக்கு முழுக்கக் கிடந்துவிடுவார். அதோடு வீட்டில் தினமும் செய்ய வேண்டியது தனி. செய்யாமல் விட்டால் பலன் கரைந்துவிடுகிறது, காய்ச்சலில் படுத்தபோது அதைக் கண்கூடாகப் பார்த்தோம். வீட்டில் கூடவே நின்று செய்யவைக்க ஆள் இல்லையென்றால் பலன் பாதிதான். அதை அவர்கள் முதலிலேயே இன்னும் அழுத்திச் சொல்லலாம்.

நடுக்கம் குறையவில்லை. அது பிசியோவின் வேலையும் இல்லை, தம்பி முதல் நாளே அதைச் சொல்லிவிட்டார். நோய் நின்றுவிடவும் இல்லை. நடுவில் அம்மா ஒரு தடவை விழுந்தார். அடிபடவில்லை, ஆனால் மனசு உடைந்துவிட்டது. அடுத்த வகுப்பில் தம்பி ஆறுதல் சொல்லி நேரத்தைக் கடத்தவில்லை. பாய் விரித்து, தரையிலிருந்து எழுவது எப்படி என்று பழக்கினார். முதலில் அடிபட்டிருக்கிறதா என்று பார், புரண்டு கவிழ், கையும் முழங்காலும் ஊன்று, ஊர்ந்து நாற்காலியைப் பிடி, பலமான காலை முன்னால் வை. விழுந்தால் எழத் தெரியும் என்பது வந்த பிறகு அம்மாவின் பயம் பெருமளவு குறைந்தது. பயம் குறைந்ததும் அடி நீண்டது. நான் பார்த்ததில் இதுதான் மிக நல்ல வகுப்பு.

நீங்கள் இப்படி ஓர் இடம் தேடுகிறீர்கள் என்றால், போனிலேயே சில விஷயம் கேட்டுப் பாருங்கள். பார்க்கின்சனோ உங்கள் வீட்டில் இருக்கிற வேறு இயக்கக் கோளாறோ உள்ளவர்களை வாரத்துக்கு எவ்வளவு பேர் பார்க்கிறார்கள், தனிப்பயிற்சி எதில் பெற்றார்கள், கால் ஒட்டுவதற்கு என்ன செய்வார்கள். கடைசிக் கேள்விக்கு "காலுக்குப் பலம் ஏத்துவோம்" என்பது மட்டும்தான் பதில் என்றால் வேறு இடம் பாருங்கள். கோடு, தாளம், எண்ணிக்கை என்று ஏதாவது ஒன்று பேச்சில் வர வேண்டும். மாத்திரை நேரத்தை அவர்களே கேட்கிறார்களா என்று பாருங்கள். வீட்டில் இருப்பவரையும் உள்ளே விடுகிறார்களா என்று பாருங்கள். சிலர் வெளியே உட்காரவைத்துவிடுவார்கள், அது இந்த நோய்க்குச் சரிவராது.

இன்னொன்று, விழ ஆரம்பிக்கும்வரை காத்திருக்காதீர்கள். நோய் தெரிந்த புதிதிலேயே ஒரு தடவை போய் அளவெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டால், பிறகு எது மாறியது என்று ஒப்பிட முடியும். அம்மாவுக்கு அந்தப் பழைய அளவு இல்லாதது ஒரு குறையாகவே இருக்கிறது. அம்மா இப்போது பெரும்பாலான இரவுகளில் தானே எழுந்து போய்விட்டு வருகிறார். மோசமான இரவுகளில் கூப்பிடுவார். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை தரையில் டேப் ஒட்டியிருக்கிறோம், கூடவே மங்கலான ஒரு விளக்கு, கோடு தெரிகிற அளவுக்கு.

முதல் முறை போகும்போது மாத்திரைச் சீட்டையும் நேரக் குறிப்பையும் கொண்டுபோங்கள், வீட்டில் தினமும் போடுகிற செருப்பையே போட்டுக்கொண்டு போங்கள், கால் ஒட்டுகிற இடத்தைப் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போனால் பெரும்பாலும் ஒட்டாது, பார்ப்பவர் முன்னால் நடை நன்றாகவே இருக்கும். அந்த வீடியோ இல்லையென்றால் பாதி விஷயம் அவருக்குத் தெரியாமலே போய்விடும்.